விண்டோவை இயக்கும் ஏஐ ஏஜென்ட்: டூல் விளக்கம் எழுத உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கடைக்காக, திரையில் விண்டோக்களை இயக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். விண்டோஸ் 11, பைத்தானில் ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடல் அழைக்கும் டூல்களை அதற்குக் கொடுக்கும் நிரல்). பில் மென்பொருளும் எக்செலும் அங்கே எப்போதும் திறந்தே கிடக்கும்.

கோடு ஓடுகிறது. சிக்கல் டூல் விளக்கத்தில்தான், அதாவது ஒவ்வொரு டூலும் என்ன செய்யும் என்று மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பில். 'விண்டோவை மூடும்' என்று ஒரு டூல், 'விண்டோவை மறைக்கும்' என்று இன்னொன்று. "எக்செலைக் கொஞ்சம் ஒதுக்கி வை" என்றால் மாடல் மூடுகிற டூலை எடுக்கிறது. அதற்கு நம் கோடு தெரியாதே; பெயர், விளக்கம், அளவுருக்கள், இவ்வளவுதான் கண்ணில் படும். மறைக்கும் டூலின் விளக்கத்தை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "விண்டோவை டாஸ்க்பாருக்கு இறக்கும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், சேமிக்காத வேலை அழியாது. நிரலை நிறுத்த இதை அழைக்காதே." பரவாயில்லை, கேட்கிறது.

தீராதது இது: விண்டோவை எதை வைத்துக் குறிப்பது? தலைப்பு என்றால், இரண்டு எக்செல் கோப்பு திறந்திருக்கும்போது குழப்பம். ஹேண்டில் எண் (திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் விண்டோஸ் தரும் எண்) துல்லியம்தான்; ஆனால் மழைக்குக் கரண்ட் போய் வந்தால் எல்லா எண்ணும் புதிது, மாடலோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'முதலில் விண்டோ பட்டியலை எடு' என்று ஒவ்வொரு விளக்கத்திலும் எழுத வேண்டுமா, பிழைச் செய்தியில் சொன்னால் போதுமா? விளக்கம் நீண்டால் டோக்கன் (மாடல் படிக்கும் உரைத் துண்டுகள்) செலவு வேறு ஏறுகிறது.

நாகர்கோவில், தக்கலை பக்கம் யாராவது இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள், நேரிலேயே வருகிறேன். இல்லையென்றால் நீங்கள் எழுதிய விளக்கம் ஒன்றிரண்டை அப்படியே இங்கே ஒட்டினாலும் சரி.