டீகோஹெரன்ஸ்: ஒத்திசைவிழப்பா, ஓரியலிழப்பா?

> கோஹெரன்ஸை ஒத்திசைவு என்றுதான் பலரும் எழுதுகிறோம். குவாண்டம் நிலை சூழலோடு உறவாடித் தன் கட்ட உறவை (அலைகளின் ஏற்ற இறக்கப் பொருத்தத்தை) இழப்பதான டீகோஹெரன்ஸை 'ஒத்திசைவிழப்பு' என்று முடித்துவிடலாமே?

ஐயா, வேறு இடங்களில் சரி. நரம்பணுக்களுக்குள் உள்ள நுண்குழல்களின் குவாண்டம் நிகழ்வுகளிலிருந்து நனவு எழுகிறது என்னும் பென்ரோஸ்-ஹேமராஃப் கருதுகோளை எழுதும்போது இந்தச் சொல் காலை வாரிவிடும். நனவுக் கணங்களை அவர்கள் மூளையின் 40 ஹெர்ட்ஸ் காமா அலையோடு, அதாவது 25 மில்லிநொடிக்கு ஒன்றாக, இணைத்தார்கள். நரம்பணுக்கள் சேர்ந்து துடிப்பதை ஏற்கெனவே ஒத்திசைவு என்கிறோம். அந்த நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தின் குவாண்டம் நிலைக்கும் அதே பத்தியில் அதே சொல் வந்தால், படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்.

கட்ட வேறுபாடு மாறாத ஒளிமூலங்களைப் பாடநூல் 'ஓரியல் மூலங்கள்' என்கிறது. இங்கேயும் விஷயம் கட்டம்தான். ஆகவே ஓரியலிழப்பு. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"நுண்குழலில் ஓரியலிழப்புக் காலம் சுமார் 10⁻¹³ நொடி என்று 2000-இல் இயற்பியலாளர் டெக்மார்க் கணக்கிட்டார். ஹேகன், ஹேமராஃப், டுசின்ஸ்கி 2002-இல் அதை 10⁻⁵ முதல் 10⁻⁴ நொடி என்று திருத்தினார்கள். சுற்றிலும் ஆக்டின் என்னும் புரதத்தின் கூழ் இறுகினால் இன்னும் நீளும் என்றும் வாதிட்டார்கள்."

எங்கும் இடறவில்லை.

> 'இழப்பு' என்றால் ஆற்றல் இழப்பு என்று படாதா? 'அலைச்சார்புச் சிதைவு' போதாதா?

முதல் ஐயம் நியாயமானது. ஆற்றல் துளியும் குறையாமலே கட்ட உறவு போய்விடலாம். எனவே வரையறையிலேயே சொல்லிவிடுவோம்: குவாண்டம் நிலையை எண்களாய் எழுதும் அடர்த்தி அணியில், கட்ட உறவைக் காட்டும், மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகள் சுழியை நெருங்குவது ஓரியலிழப்பு, மூலைவிட்ட உறுப்புகள் அப்படியே நிற்கலாம். அந்தக் கட்ட உறவும் அழிவதில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளோடும் அயனிகளோடும் பின்னிப் பரவிவிடுகிறது. நுண்குழலை மட்டும் பார்ப்பவருக்கு அது இழப்பு.

'சிதைவு' மட்டும் கூடவே கூடாது. டெக்மார்க் பேசுவது சூழலால் நேர்வது. பென்ரோஸ் சொல்வதோ, பல நிலைகள் ஒருங்கே மேற்பொருந்திய நிலை ஈர்ப்பினால் தானாகவே ஒன்றாக ஒடுங்குவது. குறுக்கிய பிளாங்க் மாறிலியை ஈர்ப்புத் தன்னாற்றலால் வகுத்தால் அதற்கான காலம் கிடைக்கும். சூழல் முந்திக்கொண்டால் ஈர்ப்புக்கு வேலையே இல்லை. சர்ச்சை முழுக்க இந்தப் பந்தயத்தைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் யார் எதை மறுக்கிறார் என்பதே தெரியாமல் போகும். பின்னதைப் 'புறவய ஒடுக்கம்' என்போம். சிதைவு கதிரியக்கத்துக்கு இருக்கட்டும்.

> வினைச்சொல்?

பிரித்தே எழுதலாம்: "நிலை ஓரியல் இழக்கிறது." பெயர்ச்சொல்லில் மட்டும் சேர்த்தால் போதும்.