தண்ணி லாரிச் செய்தி: எல்லாரும் ரெண்டாவது பத்தியோட நிறுத்திடறாங்க, எங்கே இடிக்குது?

கவின்_ஸ்ரீராமபுரம்

வணக்கம். பெங்களூருல முதுகலை இதழியல் ரெண்டாவது வருஷம். பயிற்சிக்காகத் தமிழில் 600 வார்த்தையில் ஒரு செய்தி எழுதியிருக்கேன். மகாதேவபுரா பக்கம் 24 வீடு உள்ள ஒரு அபார்ட்மென்ட். போர்வெல் வத்திடுச்சு, முழுக்க லாரித் தண்ணிதான். படிக்கக் கொடுத்தா யாருமே ரெண்டாவது பத்தியைத் தாண்டலை.

என் முதல் வரி: “பெங்களூருவில் கோடை வெயில் சுட்டெரித்து வரும் நிலையில், குடிநீர்த் தட்டுப்பாடு நாளுக்கு நாள் அதிகரித்து வருவதைப் பயன்படுத்தி, தனியார் தண்ணீர் லாரி உரிமையாளர்கள் கூடுதல் கட்டணம் வசூலித்து வருவதாகப் பொதுமக்கள் குற்றம்சாட்டியுள்ளனர்.”

கையில் இருக்கிறது: தினமும் 12,000 லிட்டர் லாரி ஒண்ணு, லாரிக்கு 1,600 ரூபாய்னு சங்கப் பொருளாளர் வெச்சிருக்கிற ஏப்ரல் மாத பில், குடியிருப்பவங்க அஞ்சு பேர் பேட்டி, ஜலமண்டலியோட (நகரக் குடிநீர் வாரியம்) கன்னடப் பிரஸ் நோட்.

ஒரு சம்பவம் செய்தியாகுமான்னு தீர்மானிக்கிற அம்சங்கள்னு கால்டுங், ரூகேங்கிற ஆய்வாளர்கள் 1965-ல சொன்ன 12 செய்தி மதிப்புகள்ல நாலஞ்சு இதுல இருக்கு. அப்புறமும் ஏன் ஆளை இழுக்கலை?

டெஸ்க்_மணி

தம்பி, அந்தப் பட்டியலை முதலில் ஓரமா வைங்க. காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே பத்திரிகைகள் எப்படி எடுத்துப் போட்டன என்று பார்த்துச் சொன்னது அது. எந்தச் சம்பவம் பக்கத்துக்குள் வரும் என்பதற்கு நல்ல விளக்கம். 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்துப் புகைந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகை வரை போனதும், அதே ஏரியில் வருஷக்கணக்காகச் சாக்கடை விழுவது மூலைச் செய்தியாகவே கிடந்ததும் ஏன் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்துக்குள் வந்த பிறகு வாசகர் மூன்றாவது பத்திக்குப் போவாரா என்பது வேறு சங்கதி. அது எழுத்திலும், அதைவிட அதிகமாக நீங்கள் சேகரித்து வந்த விவரத்திலும் இருக்கிறது.

உங்கள் முதல் வரியில் “நிலையில்” வரைக்கும் உள்ள அத்தனையும் பழைய செய்தி. ஏப்ரலில் வெயில் அடிக்கிறது, தண்ணீர் இல்லை என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதுசு என்னவோ அது வாக்கியத்தின் பின்பாதியில் ஒளிந்திருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். யார், என்ன, எதனால் என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு வாசகர் “குற்றம்சாட்டியுள்ளனர்” வரை நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தாலும் கிடைப்பது “பொதுமக்கள்”. முகமே இல்லாத ஆள். லீட் எனும் முதல் வாக்கியத்தைப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து வார்த்தைக்குள் முடியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று. “வரும் நிலையில்”, “இந்நிலையில்”, “இதனிடையே” மூன்றையும் நீங்கள் எழுதிய பிரதியில் தேடி எடுத்து வெட்டுங்கள். வெட்டியதால் அர்த்தம் கெட்ட இடம் அபூர்வம்.

உங்களிடம் உள்ள கணக்கையே போட்டுப் பாருங்கள். 12,000 லிட்டரை 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 500 லிட்டர். 1,600 ரூபாய் வீதம் 30 நாளைக்கு 48,000 ரூபாய், வீட்டுக்கு 2,000. இப்போது எழுதினால்:

“அந்த அபார்ட்மென்ட்டில் வீட்டுக்கு 500 லிட்டர்தான் ஒரு நாள் கணக்கு. அதற்கு ஏப்ரல் மாதம் ஒவ்வொரு வீடும் கொடுத்தது 2,000 ரூபாய். 2024-ல் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலையில் வந்திருந்தால் 1,250 ரூபாயில் முடிந்திருக்கும்.”

இதில் உரிச்சொல்லே கிடையாது. சுட்டெரிக்கவும் இல்லை. படிக்கிறவர் உடனே தன் வீட்டு பில்லை நினைப்பார், 750 ரூபாய் எங்கே போகிறது என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அவரை அடுத்த பத்திக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு எச்சரிக்கை. 2024 மார்ச்சில் வந்த உத்தரவில் 12,000 லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், 5 முதல் 10 கிலோமீட்டர் வரை 1,200. உங்கள் லாரி எங்கே தண்ணீர் ஏற்றுகிறது? 7 கிலோமீட்டர் தள்ளி என்றால் ஒப்பிட வேண்டியது 1,200-ஓடு. வீட்டுக்கு 1,500 ஆகிவிடும், வித்தியாசம் 500-க்கு இறங்கிவிடும். தவிர, அது அந்த வருஷத்து நெருக்கடிக்காகப் போட்ட உத்தரவு. இப்போது நடப்பில் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் “விதிமீறல்” என்ற வார்த்தையைத் தொடவே கூடாது.

வார்டு_ரிப்போர்ட்டர்

மணி அண்ணன் கொடுத்த லீட் நல்லா இருக்கு, ஆனா இதையே எல்லாத்துக்கும் சூத்திரமா எடுத்துக்காதீங்க. நாளைக்கு பைப்லைன் வேலை, காவேரி தண்ணி வராதுன்னா முதல் வரியில எந்த ஏரியா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும், அவ்வளவுதான். முக்கியமானதை முதல்ல போட்டு மத்ததைக் கீழே இறக்கற தலைகீழ் பிரமிடு பழசுன்னு வகுப்புல சொல்வாங்க. வாசகர் தெரிஞ்சுக்கிட்டு ஓடணும்னு நினைக்கிற செய்திக்கு இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்லை. அங்கே போய் “குடத்துடன் நிற்கிறார் அந்த மூதாட்டி”ன்னு ஆரம்பிச்சா திட்டுதான் விழும்.

சொல்லப்போனா அந்தக் குடத்து மூதாட்டி எல்லாக் கோடையிலும் எல்லாப் பேப்பர்லயும் வந்துடறாங்க. ஆளை வெச்சு ஆரம்பிக்கிறதா இருந்தா, அதிகமா அழறவரைத் தேடாதீங்க. விஷயம் யார் கை வழியா போகுதோ அவரைப் பிடிங்க. உங்க செய்தியில அது பொருளாளர்தான். லாரிக்காரருக்குப் போன் போடறது அவர், விலை ஏறினதை முதல்ல கேட்கிறது அவர், வீடு வீடாப் பணம் கேட்டுக் கெட்ட பேர் வாங்கறதும் அவர். ஆளை வெச்சு ஆரம்பிச்சா மூணாவது, தப்பினா நாலாவது பத்தியில “இது இந்த ஒரு கட்டடத்துக் கதை இல்லை, ஏன்னா...”ன்னு நட் கிராஃப், அதாவது இந்தச் செய்தி ஏன் முக்கியம்னு சொல்ற பத்தி, வந்தே ஆகணும். வரலைன்னா வாசகர் ‘சரி, யாரோ ஒருத்தர் கஷ்டப்படறார்’னு போயிடுவார்.

நந்தினி_எண்கணக்கு

பிரஸ் நோட்டில் எம்.எல்.டி. (நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) என்று இருப்பதை அப்படியே இறக்கியிருந்தால், இரண்டாவது பத்தியில் ஆள் இறங்கியதற்கு அதுவும் காரணம். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டக் கொள்ளளவு 775 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஏறக்குறைய 64,600 லாரி. உங்கள் வாசகருக்கு லாரி தெரியும், எம்.எல்.டி. தெரியாது.

மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் 50 லட்சம் பேருக்கு என்பது திட்டம் சொல்லும் கணக்கு. வகுத்தால் ஆளுக்கு 155 லிட்டர். கழிவுநீர் வசதியுள்ள பெருநகரத்துக்கு மத்திய அரசின் கையேடு வைத்திருக்கும் அளவு 150 லிட்டர். காகிதத்தில் போதும், பிறகு ஏன் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டி) லாரித் தண்ணீர் இறங்குகிறது? இந்த வட்டாரத்துக்குக் குழாய் வந்ததா, வந்தும் அபார்ட்மென்ட் இணைப்பு வாங்கவில்லையா, வாங்காததற்குக் கட்டணம் காரணமா, வாங்கியும் அழுத்தம் இல்லையா? இந்த நாலில் உங்கள் கட்டடம் எது என்று கண்டுபிடித்தால் அதுதான் செய்தியின் நடுப்பகுதி. இப்போது அந்த இடத்தில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடிகிறது: ஐந்து பேர் “சிரமமாக உள்ளது” என்று தெரிவித்திருப்பார்கள்.

ஒரு பத்தியில் இரண்டு எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது வந்தால் சின்னப் பெட்டியாகப் பிரித்துப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். சதவீதம் மட்டும் தனியாக நிற்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் நம்ம மெட்ரோ கட்டணம் ஏறியபோது உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. “50 சதவீதம்” என்றால் கண் தாண்டிப் போய்விடும்; “போய்வர 120 கொடுத்தவர் இனி 180 கொடுப்பார்” என்றால் நிற்கும். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாகவே இருந்தது என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்லாருக்கும் பாதிக்குப் பாதி ஏறிவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

கவின்_ஸ்ரீராமபுரம்

நன்றி அண்ணா, அக்கா. நந்தினி அக்கா சொன்னது சரிதான், அஞ்சு பேட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: “ரொம்பக் கஷ்டமா இருக்கு, அரசு நடவடிக்கை எடுக்கணும்.” இதைவிட உருப்படியா எப்படிப் பேச வைக்கிறது? தலைப்பும் வேணும். இப்போ வெச்சிருக்கிறது “தண்ணீர் லாரி கட்டணக் கொள்ளை: பொதுமக்கள் அவதி”.

வார்டு_ரிப்போர்ட்டர்

“எப்படி இருக்கு?”ன்னு கேட்டா “கஷ்டமா இருக்கு”ன்னுதான் பதில் வரும். கருத்து கேட்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. நேத்து லாரி எத்தனை மணிக்கு வந்தது? வராத அன்னைக்கு முதல்ல எந்த வேலையை நிறுத்தினீங்க? துணி துவைச்ச தண்ணியை என்ன பண்றீங்க? யாருக்கு முதல்ல போன் போட்டீங்க, அவர் என்ன சொன்னார்? பதில் வந்ததும் சும்மா இருங்க, அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க. நாலு செகண்ட் மௌனத்துலதான் உபயோகமான வரி வரும். பொருளாளர்கிட்ட போனைக் காட்டச் சொல்லுங்க. லாரிக்காரர் விலை ஏத்தினப்போ அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தா தேதியோட உங்க கையில ஆவணம். கட்டடத்துல மீட்டர் இருந்தா லாரி இறங்கறதுக்கு முன்னும் பின்னும் நின்னு பாருங்க. 12,000-னு பில் போட்டு உண்மையில எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சா அது தனிச் செய்தி.

லாரிக்காரரையும் கேட்கணும். டீசல், டிரைவர் கூலி, போர் இருக்கிற நிலத்துக்காரருக்கு லோடுக்கு எவ்வளவுன்னு அவர் பக்கத்துக் கணக்கு ஒண்ணு இருக்கும். அது இல்லாத செய்தியில வாசகருக்கு ஒரு பக்க வாடை அடிச்சுடும், நம்பிக்கை போயிடும். இன்னொண்ணு, அஞ்சு பேரையும் போட வேண்டாம். ரெண்டு பேர் போதும். மத்த மூணு பேர் சொன்னது உங்களுக்கு விஷயத்தை உறுதிப்படுத்திக்க.

டெஸ்க்_மணி

தலைப்பில் “கொள்ளை” என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டால் உள்ளே படிக்க என்ன மிச்சம்? “அவதி”, “பரபரப்பு”, “அதிர்ச்சி” மூன்றும் தேய்ந்துபோய் எந்த ஊர், எந்த நாள் செய்திக்கும் பொருந்துகிற அளவுக்கு ஆகிவிட்டன. இன்னொரு செய்திக்கு அப்படியே தூக்கிவைக்க முடிகிற தலைப்பு உங்கள் செய்தியின் தலைப்பு இல்லை. “500 லிட்டர் தினசரித் தண்ணீருக்கு மாதம் 2,000 ரூபாய்: காவிரி வந்த பிறகும் லாரியை நம்பும் மகாதேவபுரா” என்பது மாதிரி முயன்று பாருங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் போன் திரையில் முதல் நாலைந்து வார்த்தைதான் தெரியும் என்பதால் எண் முன்னால் நிற்கிறது. குழாய் உண்மையிலேயே அங்கே வந்திருக்கிறதா என்று உறுதியான பிறகே “காவிரி வந்த பிறகும்”. பதிலை மறைத்துவைத்து “காரணம் தெரிந்தால் அசந்துபோவீர்கள்” வகைத் தலைப்பு ஒருமுறை ஆளைக் கொண்டுவரும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அடுத்த முறை செய்தியின் மேல் உள்ள உங்கள் பெயரைப் பார்த்தே தாண்டிவிடுவார்.

ஆளை இழுக்கிறதே என்று சில விவரங்களைத் தொடவே கூடாது. நீங்கள் நாளை குற்றச் செய்திகள் எழுதும் க்ரைம் பீட்டுக்குப் போனாலும் இது பொருந்தும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவின்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், வீடு, பள்ளி எதுவும் வரக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 72-வது பிரிவு பாயும். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள், தலைப்பில் தூக்கிப்பிடிக்காதீர்கள். பிரஸ் கவுன்சில் 2019-லேயே இதற்கு நெறிமுறை ஏற்றிருக்கிறது.

நடுப்பகுதிக்கு ஒரு வேலை. “தெரிவித்தார்”, “கூறினார்” எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்தடுத்து நாலு பத்தி அப்படி முடிந்தால் அது பேட்டித் தொகுப்பு. பில்லில் இருப்பதை யாரும் “தெரிவிக்க” வேண்டியதில்லை. பில் சொல்கிறது என்று நேராக எழுதலாம். பிரஸ் நோட்டிலிருந்து வந்த “நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது” இருந்தால் தூக்கிவிட்டு, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார் என்று கேட்டுப் போடுங்கள். பதில் வரவில்லையென்றால் எந்தத் தேதியில் கேட்டோம், வரவில்லை என்று ஒரே வரி. ஊர்ப்பெயரில் கவனம்: பிரஸ் நோட்டில் ஹலசூரு என்று இருக்கும், நம் வாசகருக்கு அது அல்சூர். செய்தி முழுக்க ஒரே எழுத்துமுறை இருக்கட்டும்.

நந்தினி_எண்கணக்கு

மணி சார் சொன்ன எழுத்துப் பதிலுக்கு: நேரில் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கர்நாடகத்துக்குத் தனி ஆன்லைன் தளம் உண்டு. இங்கே மாநில விதிப்படி மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். விலை உத்தரவையும் குழாய் இணைப்பையும் ஒரே மனுவில் திணித்தால் திருப்பிவிடுவார்கள். ஆகவே லாரி விலைக்கு மாவட்ட நிர்வாகம், இணைப்புக்கு ஜலமண்டலி என்று தனித்தனியாக. “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை” என்று கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “உத்தரவின் நகல், அது நடப்பிலுள்ள காலம், பதிவு செய்த லாரிகளின் பட்டியல்” என்று காகிதத்தைக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். உங்கள் பயிற்சியின் கெடு அதற்குள் முடிகிறதென்றால் இந்தச் செய்தியைப் பில், பேட்டியோடு எழுதிக் கொடுத்துவிட்டு, மனுவுக்கு வரும் பதிலை ஃபாலோ-அப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.