பெத்கெலர்ட்: கார் இல்லாமல் மூன்று நாள், அப்பாவோடு எந்தப் பாதையில் நடக்கலாம்?

ஆற்றோரம் (கேள்வி)

வணக்கம். அக்டோபர் மூன்றாம் வாரம் வடக்கு வேல்ஸில் பெத்கெலர்ட் கிராமத்தில் மூன்று நாள் தங்குகிறோம், நானும் அப்பாவும். அப்பாவுக்கு 68 வயது. சமதளத்தில் எட்டு கிலோமீட்டர் சளைக்காமல் நடப்பார். செங்குத்தான இறக்கம் வந்தால்தான் இடது முழங்கால் வலிக்கும். கார் கிடையாது.

அபெர்கிளாஸ்லின் கணவாய் வழியாக ஆற்றை ஒட்டி ஒரு பாதை இருக்கிறதாமே, அது அவருக்குச் சரிவருமா? மழை பிடித்துக்கொண்டால் மாற்று என்ன? பாதைகள் ஆடு மேயும் நிலங்களுக்குள் போகின்றன, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? கடைசியாக, இந்த ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது? பேருந்து ஓட்டுநரிடம் கேட்கவாவது தெரிய வேண்டும்.

கல்படி

வணக்கம். அந்தப் பாதையின் பெயர் ஃபிஷர்மேன்ஸ் பாத். கிராமத்திலிருந்து தெற்கே, கிளாஸ்லின் ஆற்றின் இரு கரையிலும் வழி உண்டு. மேற்குக் கரையில் போனால் முதலில் கெலர்ட் என்ற நாயுடையது எனப்படும் கல்லறை வரும். அதுவரை தட்டையான, கெட்டியான தரை. போய்த் திரும்ப ஒன்றரை கிலோமீட்டர்தான். அதைத் தாண்டி, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள நடைபாலத்தில் கிழக்குக் கரைக்கு மாற வேண்டும். அங்கிருந்து அபெர்கிளாஸ்லின் பாலம் வரை சுமார் ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டர்தான் கேள்வி.

அது நடைபாதை என்பதைவிடப் பாறை ஓரம் என்பதே சரி. ஏற்ற இறக்கம் பெரிதில்லை, ஆகவே முழங்காலுக்குப் பயமில்லை. ஆனால் காலடிக்குக் காலடி உயரம் மாறும், பாறை வழுவழுப்பாக இருக்கும். சில இடங்களில் ஆற்றுக்கு மேலே மரப்பலகை போட்டிருக்கிறார்கள். ஒரு திருப்பத்தில் பாறையில் பதித்த இரும்புப் பிடியைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும். அங்கே இரண்டு கையும் காலியாக இருக்கணும். ஊன்றுகோல் இருந்தால் அதற்கு முன்பே மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். கையில் தொங்கவிட்டால் பாறை இடுக்கில் மாட்டி ஆளைத் தடுமாற வைக்கும். நீங்கள் முன்னால், அப்பா பின்னால். அவர் கால் வைக்க வேண்டிய இடத்தை நீங்கள் முதலில் சோதித்துச் சொல்லலாம். நேரத்தைத் தாராளமாக வையுங்கள், அந்த ஒரு கிலோமீட்டருக்கே 45 நிமிடம்.

போகலாமா வேண்டாமா என்பதை ஆறுதான் சொல்லும். எர் வித்வா (ஆங்கிலத்தில் ஸ்னோடன்) மலையின் தெற்குச் சரிவுகளில் விழும் மழை லின் குவினன்ட், லின் டினாஸ் என்ற ஏரிகள் வழியாக இந்த ஒடுங்கிய இடுக்குக்குத்தான் வந்து சேர்கிறது. ஏரிகள் நீரைச் சற்றுத் தேக்கி விடுவதால் மழை நின்ற பிறகும் சில மணி நேரம் ஆறு ஏறிக்கொண்டே இருக்கலாம். காலையில் வானம் வெளுத்துவிட்டது என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். பெத்கெலர்ட்டில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. வேல்ஸின் சுற்றுச்சூழல் அமைப்பான நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் தளத்தில் அதன் வரைகோட்டைப் பாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் அன்று இந்தப் பாதை வேண்டாம். இறங்கிக்கொண்டிருந்தால் போய்ப் பாருங்கள். பலகையையோ பிடியுள்ள திருப்பத்தையோ நீர் தொட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

திரும்பும்போது ஒரு தவறு பலர் செய்வது: பாலத்தில் ஏறி ஏ498 சாலை வழியாகவே ஊருக்கு நடப்பது. அந்தச் சாலை பாறைக்கும் சுவருக்கும் நடுவே நெளிந்து போகிறது, ஓரத்தில் நடக்க இடமில்லை. வந்த வழியே திரும்புங்கள், அல்லது நன்ட்மோர் கார் நிறுத்துமிடத்திலிருந்து கும் பஃகன் என்ற பள்ளத்தாக்கில் ஏறுங்கள்.

கும் பஃகன் வழி முழுச் சுற்று ஏறக்குறைய 9 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம், நான்கு மணி நேரம். ஏற்றம் சீரானது, அப்பாவுக்குப் பிடிக்கும். நடுவில் பழைய செப்புச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் நிற்கும். 1920களில் கம்பிவடத்தில் தாதுவை நன்ட்மோருக்கு இறக்கியவை. அந்தப் பகுதி ஓடை நீரைக் குடிக்க வேண்டாம், சுரங்கக் கழிவில் உலோகம் கலந்திருக்கும். சிக்கல் உச்சியைத் தாண்டிய பிறகு வருகிறது. லின் டினாஸ் ஏரிக்கு இறங்கும் கற்படிகள் செங்குத்தானவை, ஈரமானால் வழுக்கும். உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு ஆகாதது இதுதான். அதனால் சுரங்கக் கோபுரங்கள் வரை ஏறிப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்குவதே என் பரிந்துரை.

பாதைக்கணக்கு

மழை நாளுக்கு லோன் குவிர்வாய். ரீட் தீ கிராமத்திலிருந்து பெத்கெலர்ட் காட்டு வழியாக வரும் சரளைப் பாதை, சுமார் 7 கிலோமீட்டர். ரீட் தீ உயரத்தில் இருப்பதால் அங்கே பேருந்தில் போய் இறங்கி ஊரை நோக்கி நடந்தால் பெரும்பாலும் மெல்லிய இறக்கம்தான், படிகள் அல்ல. ஆற்று வெள்ளம் இதைத் தொடாது. ரயிலிலும் போகலாம், ஆனால் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வே எல்லா நாளும் ஓடாது. உங்கள் தேதிகளை அவர்கள் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் மட்டும் கிடைத்தால் டினாஸ் எம்ரிஸ். கிராமத்திலிருந்து வடகிழக்கே கிராவ்லுவின் என்ற, நேஷனல் டிரஸ்ட் (பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு) இடத்திலிருந்து ஓக் காடு வழியே ஏறும் சிறு குன்று. சிவப்பு டிராகனும் வெள்ளை டிராகனும் மண்ணுக்கடியில் சண்டையிட்டதாகச் சொல்லும் கோட்டை மேடு. வேல்ஸ் கொடியில் இருக்கும் சிவப்பு டிராகனோடு இணைத்துச் சொல்லப்படும் இடம். மேலே கடைசி நூறு மீட்டர் வெறும் பாறை, ஈரத்தில் கவனம்.

பேருந்துக்கு டிராவல்லைன் கம்ரி தளம். மலையைச் சுற்றி ஓடும் ஷெர்பா பேருந்துகளின் கோடைகால அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறு. கைபேசியில் பழைய படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பிரதான ரயில் நிலையம் வேண்டுமென்றால் அருகில் இருப்பது போர்த்மாடோக்.

பெயராய்வு

உச்சரிப்புக்கு நான் வருகிறேன். தமிழர்களுக்கு வேல்ஸ் மொழி அவ்வளவு அந்நியம் இல்லை. இரட்டை டி எழுதியிருந்தால் 'அது' என்கிறபோது வரும் மெல்லிய த. ஆங்கிலேயர் பலர் 'பெட்' என்று தடுக்கி விழும் இடத்தில் நமக்கு 'பெத்' இயல்பாக வரும். சி-எச் வந்தால் 'எஃகு' என்பதில் ஆய்தம் தரும் ஒலி. ஒற்றை எஃப் வ-வாகும், அதனால் கைர்னார்வன். இரட்டை எல் மட்டும் நம்மிடம் இல்லை: ல் சொல்ல நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல் இரு பக்கமும் காற்றை மட்டும் ஊதுங்கள். மேலே நண்பர்கள் 'லின்' என்று எழுதியது எழுத்து வசதிக்காக. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்: பெத்-கெ-லர்ட்.

இன்னொன்று தெரிந்தால் வரைபடம் குழப்பாது. நம்மிடம் மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை; முன்சொல்லின் வால் மாறுகிறது. அவர்களிடம் பின்சொல்லின் தலை மாறும். மொட்டைக் குன்று 'மோயல்', சில இடத்தில் 'வோயல்' என்று நிற்கும், சொல் ஒன்றே. ரீட் தீ என்றால் கருப்புத் துறை, ஆற்றைக் காலால் கடக்கும் துறை. கருப்புக்கான 'டீ'தான் அங்கே 'தீ' ஆகிவிட்டது.

பெயர்கள் தரையைச் சொல்லும். கும் என்றால் மலை நடுவே குடைந்த பள்ளம், பொன்ட் பாலம், நன்ட் ஓடை, லின் ஏரி, கோய்ட் காடு. ஹவோட் என்று தொடங்கினால் அது கோடையில் மந்தையோடு மேலே போய்த் தங்கிய வீடு. ஹெண்ட்ரெ குளிர்காலத்துக்குத் திரும்பும் தாழ்நில வீடு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று வரைபடத்தின் உயரக்கோட்டைப் பார்க்காமலே ஊகிக்கலாம்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அபெர்கிளாஸ்லின். அபெர் என்றால் முகத்துவாரம். இன்று அந்தப் பாலத்தில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் கடல்நீர் ஏற்றத்தில் அந்தப் பாலம் வரை வந்துகொண்டிருந்தது. வில்லியம் மடோக்ஸ் போர்த்மாடோக்கில் காப் என்ற கரையைக் கட்டி, 1811-இல் அது முடிந்தபோது கடல் வெளியே நின்றுவிட்டது. பாலத்துக்குக் கீழே விரியும் தட்டையான மேய்ச்சல் நிலத்தின் பெயர் இன்னமும் த்ரைத் மௌர், பெரிய மணற்கரை. மழைக்குப் பிறகு அந்த நிலம் ஏன் அப்படி நீர் கட்டிக்கொள்கிறது என்பதற்கும் பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

பெத் என்றால் கல்லறை. குழந்தையைக் கொன்றதாக நினைத்து லெவெலின் இளவரசன் வெட்டிய நாயின் கல்லறை என்று பலகை சொல்லும்; நம் கீரிப்பிள்ளை கதையேதான், கீரிக்குப் பதில் நாய், பாம்புக்குப் பதில் ஓநாய். கதையை இந்த ஊரோடு ஒட்டவைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கோட் விடுதியை நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்பார்கள். ஊர்ப் பெயர் கெலர்ட் என்ற பழைய துறவியிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆற்றோர மரத்தடியில் அந்த இடம் அழகானது.

ஆற்றோரம்

எல்லோருக்கும் நன்றி. ஒரு பழைய வழிகாட்டி நூலில், ஆற்றுப் பாதை வெள்ளத்தில் மூழ்கினால் பக்கத்தில் உள்ள ரயில் சுரங்கங்கள் வழியாகப் போகலாம் என்று போட்டிருக்கிறது. அது இன்னும் நடக்குமா?

பாதைக்கணக்கு

கூடவே கூடாது. அந்தப் பாதையில் ரயில் நின்றது 1930களில். தண்டவாளம் இல்லாத காலத்தில் மக்கள் அதில் நடந்தார்கள், நூல் அப்போது எழுதியது. மறுபடி தண்டவாளம் போட்டு 2009-இல் பெத்கெலர்ட் வரை, 2011-இல் போர்த்மாடோக் வரை ரயில் வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் ரயிலுக்கும் பாறைக்கும் நடுவே ஆள் ஒதுங்க இடமில்லை. குறியிட்ட கடவுப்பாதையில் மட்டும், இரு பக்கமும் பார்த்து, நிற்காமல் கடந்து போங்கள்.

மந்தைவழி

ஆட்டு நிலங்கள் பற்றி. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பொது வழி, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயலுக்குள் அந்தக் கோட்டிலேயே நடக்க வேண்டும். மேலே திறந்த மலைநிலத்தில், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அணுகல் நிலம் என்று வரைபடத்தில் குறித்த இடத்தில், பாதையை விட்டும் நடக்கலாம். கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். வேண்டுமென்றே திறந்து வைத்த கதவை நல்லெண்ணத்தில் சாத்தினால், மந்தை தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். கதவு பூட்டியிருந்து ஏறியே ஆக வேண்டுமென்றால் கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள், கதவு தொங்காது. கல்சுவர் மேல் ஒருபோதும் ஏறாதீர்கள். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் அடுக்கியவை, ஒரு கல் நழுவினால் ஒரு கஜம் சரியும்.

நீங்கள் போகும் காலத்தில்தான் கிடாய்களை மந்தையில் விடத் தொடங்குவார்கள். பெட்டை ஆடுகளின் பின்புறத்தில் சிவப்போ நீலமோ தெரிந்தால் அது காயம் அல்ல. கிடாயின் நெஞ்சில் பூசிய சாயம். எது சேர்ந்தது, எப்போது ஈனும் என்று கணக்கு வைக்க. சுமார் 147 நாள் சினை, ஆகவே குட்டிகள் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரலில். கூட்டத்தை நடுவே பிளந்து போகாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள்.

துருநிறப் பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய முனைக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் உண்ணிக் கடி என்று சொல்லிக் காட்டுங்கள்.

ஆற்றோரம்

இருட்டுவது எப்போது? கைபேசி சிக்னல் இருக்குமா?

கல்படி

அந்த வாரம் சூரியன் மாலை 6:10 வாக்கில் மறையும், ஆனால் இடுக்கில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மங்கிவிடும். மதியம் 2 மணிக்கு மேல் ஃபிஷர்மேன்ஸ் பாத்தில் இறங்காதீர்கள். நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று. இடுக்கில் சிக்னலை நம்ப முடியாது. கிளம்பும் முன்பே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். பேச முடியாத இடத்திலும் சில நேரம் செய்தி போய்ச் சேரும். ஆபத்து என்றால் 999-இல் முதலில் போலீஸ் கேட்டு, அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.