மறு: ஹ்யூகல்குல்ட்டூர் – ‘மட்குமரப் பாத்தி’ என்று வைக்கலாமா?

அன்புடையீர், வணக்கம். மரக்கட்டைகளை அடியில் புதைத்து மேலே பயிரிடும் ‘ஹ்யூகல்குல்ட்டூர்’ என்ற ஜெர்மன் முறைக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மேட்டுப்பாத்தி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. மேட்டுப்பாத்தி என்றால் நாற்று விடுகிற எல்லாருக்கும் தெரியும்: மண்ணைக் கொத்தி, எருவிட்டு, ஒரு சாண் உயர்த்திக் கட்டிய பாத்தி. அதற்குள் மண்ணும் எருவும்தான். நாம் பெயர் தேடுவது வேறு ஒன்றுக்கு. அடியில் பருத்த கட்டைகள், மேலே கிளையும் சுள்ளியும், அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்த புல்கரண் (வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல்துண்டு), பிறகு தழை, தொழுவுரம், கடைசியாக மேல்மண். 1962இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஆன்ட்ரே என்பவர் ஒரு சிறு நூலில் இம்முறையை எழுதினார். பின்னாளில் ஆஸ்திரியாவின் செப் ஹோல்சர் தம் மலைப் பண்ணையில் செய்து காட்ட, உலகெங்கும் பரவியது.

> ஹ்யூகல் = மேடு, குல்ட்டூர் = பண்பாடு. ‘மேட்டுப் பண்பாடு’?

குல்ட்டூர் இங்கே பயிரிடுதலைக் குறிக்கிறது. நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம் என்கிறோம், ஆகவே வேர் சரிதான். ஆனால் இன்று பண்பாடு என்றதும் யாருக்கும் தோட்டம் நினைவுக்கு வராது. மேடு என்ற பாதியும் எனக்கு இடிக்கிறது. மொரீசியஸில் கரும்புக் காடுகளின் நடுவே எரிமலைக் கற்களைப் பொறுக்கிக் குவித்த பெரிய பெரிய மேடுகள் நிற்கின்றன. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘மேடு’ என்றால் அதைத்தான் நினைப்பார்கள். அதைவிட முக்கியம், மேடு என்பது வெளியே தெரிகிற வடிவம் மட்டும். சில ஆண்டுகளில் பாத்தி அமுங்கிப் பாதியாகிவிடும். வேலை செய்வது உள்ளே இருக்கிற மரம். பெயரில் அந்த மரம் இருக்க வேண்டும், அது மட்குகிறது என்பதும் இருக்க வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, குவாத்ர் போர்ன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தோட்டத்தில் சாய்ந்த மாமரத்தை அறுத்துப் பச்சையாகவே புதைத்து, மேலே முட்டைக்கோஸ் நட்டார். ‘மேட்டுத் தோட்டம்’ என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடியிலைகள் முதலில் வெளிறின, பிறகு முழுச் செடியும் மஞ்சளாகி நின்றுவிட்டது. பச்சை மரத்தில் கரிமம் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போலப் பல நூறு மடங்கு. நுண்ணுயிர்கள் தோதாக மட்கச்செய்ய 25 முதல் 30 மடங்குதான் இருக்கலாம். பற்றாக்குறையை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, செடிக்கு மிஞ்சுவதில்லை. அதனால்தான் தொடக்கத்தில் தழைச்சத்தைக் காற்றிலிருந்து தேடிக்கொள்கிற அவரையும் காராமணியும் போடச் சொல்வது, கட்டைகளுக்கு இடையில் தொழுவுரத்தைத் தாராளமாக இடச் சொல்வது.

அதே பாத்தியின் ஓரத்தை அடுத்த ஆண்டு அக்டோபரில், இங்கே மழை மிகக் குறைவாக இருக்கும் மாதத்தில், கிளறிப் பார்த்தோம். மேல்மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. ஒரு முழம் கீழே, மணிக்கட்டு அளவு கிளைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூசண இழைகள். பட்டையை விரலால் அமுக்கினால் குழிந்தது, பிழிந்தால் நீர் சொட்டியது. பீர்க்கின் வேர் (இங்கே பிப்பங்காய்) நேராக அந்தக் கிளைக்குள்ளேயே போயிருந்தது. மட்கிய மரம் நீரைப் பிடித்து வைக்கிறது என்று படித்ததைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். மேற்குக் கரையில், அல்பியோன், ஃபிளிக்கான்ஃபிளாக் பக்கம், மழை குறைவு. அங்கே இது பெரிய வரம். தீவின் நடு மேட்டுநிலத்திலுள்ள கியூர்பிப்பில் ஆண்டெல்லாம் ஈரம் என்பதால் அவ்வளவு தேவைப்படாது.

> அப்படியானால் ‘புதைகட்டைப் பாத்தி’ என்று சொல்லலாமே?

அம்மா, கட்டை என்பதை நம்மவர்கள் உடலுக்கும் சொல்கிறார்களே. ‘இந்தக் கட்டை வேகிற வரைக்கும்’ என்று பேசுகிற ஊரில் புதைகட்டை என்றால் காய்கறித் தோட்டம் நினைவுக்கு வராது. அப்புறம், புதைப்பது ஒரு நாள் வேலை. மட்குவதோ பல ஆண்டு.

அதனால்தான் ‘மட்குமரம்’ என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை: மட்கிய மரம், மட்குகின்ற மரம், மட்கும் மரம், மூன்று காலமும் அதற்குள் அடங்கும். பாதி மட்கிய கட்டையையும் போடுகிறோம், அது உள்ளே மட்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் மட்கப்போகிறது. இவ்வளவு பொருத்தமாக ஒரு இலக்கண வடிவம் நம்மிடம் இருக்கும்போது ஜெர்மன் சொல்லை எழுத்துப்பெயர்த்து வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

‘மக்குமரம்’ என்றே வைக்கலாம், ‘மக்கும் குப்பை’ என்று தொட்டியிலேயே எழுதியிருக்கிறதே என்று கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் அப்படிச் சொன்னால் தவறே இல்லை. கலைச்சொல்லாக எழுதும்போது மட்கு என்றால், மக்குப் பிள்ளை என்கிற பொருள் குறுக்கே வராது. பாத்தி என்ற சொல்லை விடவேண்டாம்; பாத்தி கட்டு, பாத்தி பிடி என்ற வினைகள் தாமாகவே உடன் வரும்.

துணைச் சொற்களையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். அடியில் இடும் பெருங்கட்டைகளுக்கு ‘அடிக்கட்டை’. மரம் மண்ணின் தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொள்வதற்குத் ‘தழைச்சத்து முடக்கம்’. முடங்கியது பிறகு விடுபடும் என்பதும் அதில் தெரிகிறது. பாத்தி ஆண்டுக்காண்டு தாழ்வதற்கு ‘அமுங்கல்’ போதும்.

வரையறையில் எச்சரிக்கைகளும் இடம்பெற வேண்டும். தைலமரமும் கற்பூரமரமும் வேண்டாம், அவற்றின் எண்ணெய் செடியை வளரவிடாது. நட்டால் துளிர்க்கிற மரமானால் நன்றாகக் காயவிட்டே போட வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டக் கூடாது. கரியா என்று நாங்கள் சொல்கிற கறையான் கட்டையிலிருந்து கதவு நிலைக்குப் போய்விடும். சரிவில் நீரைத் தேக்கும் கரையாக இதைப் பயன்படுத்தவே கூடாது. புயல் மழையில் கட்டைகள் மிதந்து கரை உடைந்தால் கீழே இருக்கிற வீடுகளுக்கு ஆபத்து.

புல்கரணைக் கவிழ்த்துப் போடுகிற அந்த ஓர் அடுக்குக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. ‘கவிழ்கரண்’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. புல்தரை போடுகிறவர்களோடு பழக்கமுள்ளவர்கள் அவர்களிடம் என்ன வழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.