புதுப்பிப்பு: அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கம், ஆபரேஷனா வளையமா?

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: 67 வயது அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது, ஆபரேஷன் செய்வதா, கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் பெஸரி என்கிற சிலிக்கான் வளையம் வைப்பதா என்று. பாதிப் பேர் "வளையமெல்லாம் சும்மா" என்றீர்கள்.

வளையத்தில்தான் ஆரம்பித்தோம். மூன்றாம் நாளே கழிவறையில் முக்கும்போது விழுந்துவிட்டது. அம்மா அதைக் கழுவி, பழைய டிபன் டப்பாவில் போட்டு டாக்டரிடமே கொண்டுபோய் நீட்டினார். அடுத்த சைஸைப் பொருத்தி இருமச் சொன்னார்கள், குந்தச் சொன்னார்கள், வராந்தாவில் நாலு நடை நடக்க விட்டார்கள். நின்றது. இப்போது குனிந்து கோலம் போடுகிறார்.

சரி, ஆய்வு என்ன சொல்கிறது? நெதர்லாந்தில் 440 பெண்களிடம் இதையே ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து "நன்றாகத் தேறியிருக்கிறேன்" என்றவர்கள் வளையப் பிரிவில் 76.3 சதவீதம், ஆபரேஷன் பிரிவில் 81.5. ஆனால் ஒரு கொக்கி: வளையப் பிரிவில் 54.1 சதவீதம் பேர் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். மாறியவர்களையும் வளையக் கணக்கிலேயே வைத்துத்தான் அந்த 76. ஆக, "சும்மா" என்றவர்கள் சொன்னது முழுத் தப்பில்லை.

மெஷ் (தொய்ந்ததைத் தாங்க ஆபரேஷனில் வைக்கும் வலை) பற்றிக் கேட்டவருக்கு: இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் மெஷ் விற்பனையை அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொல்லிவிட்டது. வயிற்று வழியே வைப்பது வேறு கதை.

அப்புறம், வளையத்தைக் கழற்றிக் கழுவி மாட்ட அம்மாவே கற்றுக்கொண்டார். பேரும் வைத்தாயிற்று: "வளையல்".