பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு: பூஸ்டரா, ஹோஸா?

பாலக்கோட்டான்:
1.2 பெட்ரோல் வண்டி. காலையில முதல் மிதியே கல்லு மாதிரி இருக்கு. வண்டி நிக்கறப்ப, ஐடிலிங்ல, இன்ஜின் லேசா நடுங்குது. எங்கியோ 'ஸ்ஸ்'னு சத்தம், இடம் பிடிபடல. பிரேக் பேட் புதுசு. ஒர்க்‌ஷாப்புல பூஸ்டரையே (மிதிக்குப் பலம் சேர்க்கற டப்பா) மாத்தச் சொல்றாங்க. சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன், நுரை வரல. அடுத்த வாரம் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகணும்ங்க.

பதினாலு நம்பர் ஸ்பேனர்:
சோப்பு நுரை பஞ்சர் டியூபுக்குத்தான் ஆகும். பூஸ்டர் காத்தை உள்ள இழுக்குது, குமிழி எப்படி வரும்?

சமதளத்துல கட்டை வச்சு நிறுத்துங்க. இன்ஜின் ஆஃப்ல பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, பூஸ்டர்ல மிச்சம் இருக்கற வேக்குவத்தை (உறிஞ்சு சக்தி) காலி பண்ணுங்க. இறுகினதும் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணா, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டருக்கு வேக்குவம் வரல, இல்லைன்னா பூஸ்டரே வேலை செய்யல.

அடுத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி, விட்டுவிட்டு மிதிங்க. முதல் மிதி ஆழமா, ரெண்டாவது மூணாவது மேல மேல நிக்கணும். மூணும் ஒரே உயரத்துல கெட்டியா இருந்தா லீக். கடைசியா, ஓடறப்பவே மிதிச்சுப் பிடிச்சு ஆஃப் பண்ணி 30 செகண்ட் வைங்க. பெடல் காலை மேல தள்ளக் கூடாது.

டீசல்காரன்:
லீக்னு தெரிஞ்சா உடனே பூஸ்டரைக் கழட்டாதீங்கண்ணா. இன்ஜின்ல இருந்து பூஸ்டருக்கு வர்ற வேக்குவம் ஹோஸை, பூஸ்டர் பக்கத்துல, துணி சுத்தின பிளையரால இறுக்கிப் பிடிங்க. கெட்டிப் பிளாஸ்டிக் ஹோஸா இருந்தா நசுக்காதீங்க, உடைஞ்சிடும். கழட்டி, மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் காத்து இழுக்கற குழாய்) போற பக்கத்தை அடைங்க. ஐடிலிங் சீராச்சுன்னா ஓட்டை பூஸ்டர் பக்கம். ஆகலைன்னா ஹோஸ்லயோ மேனிஃபோல்டுலயோ தேடுங்க.

ஹோஸுக்கும் பூஸ்டருக்கும் நடுவுல இருக்கற செக் வால்வை (ஒருவழி வால்வு) ஊதிப் பாருங்க: பூஸ்டர் பக்கத்துல இருந்து இன்ஜின் பக்கம் மட்டும் காத்துப் போகணும். ரெண்டு பக்கமும் போனா காலை முதல் மிதி கெட்டிதான். அது பூஸ்டர்ல உட்கார்ற ரப்பர் குரோமெட் (வளையம்) காஞ்சு வெடிச்சிருக்கும், பலபேர் அதைப் பாக்கறதே இல்ல. ஹோஸ் மாத்தினா வேக்குவம் ஹோஸே வாங்குங்க. சாதா தண்ணி ஹோஸ் உறிஞ்சுற வேகத்துல ஒட்டிப்போயிடும்.

மிதிச்சிட்டிருக்கற வரைக்கும் காலடியில 'ஸ்ஸ்' நிக்காம வந்தா பூஸ்டருக்குள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரமோ உள்வால்வோ போயிருக்கு. மிதிக்கும்போது ஒரு நொடி வர்றது சாதாரணம்.

 

பாலக்கோட்டான்:
ஹோஸை இறுக்கினதும் ஐடிலிங் சீராயிடுச்சு. குரோமெட்டை விரலால அழுத்தினா சத்தம் நின்னுடுது. வால்வு ஒரு பக்கம்தான் போகுது.

பதினாலு நம்பர் ஸ்பேனர்:
அப்ப குரோமெட்தான். பழசைப் பிடுங்கும்போது துண்டு உள்ள விழாம பாருங்க. கிரீஸ் போடாம, சிலிகான் லூப்ரிகன்ட் லேசா தடவி ஏத்துங்க. மாத்தினதும் அந்த மூணு டெஸ்ட்டையும் திரும்பப் பண்ணுங்க. மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தற பாகம்) பூஸ்டரோட சேர்ற இடத்துல ஈரம் இருக்கான்னும் பாருங்க. பிரேக் ஆயில் குறையுது, வெளிய கசிவில்லைன்னா பூஸ்டருக்குள்ள போகுதுன்னு அர்த்தம்.

தொப்பூர்ல கியர்லயே இறங்குங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டினா, நல்ல பூஸ்டர்லயும் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும்.