புதுப்பிப்பு: கம்பைல் செய்த கர்னல் பூட் ஆகாதது ஏன்? காரணம் கிடைத்தது

போன வாரக் கேள்வி: புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) டெஸ்க்டாப்பில், சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த புதுக் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) "அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)" என்று பேனிக் ஆகி (மேலே தொடர முடியாமல்) நின்றது. பழைய கர்னலில் மட்டும் ஏற முடிந்தது. எஸ்எஸ்டி போச்சு என்றார்கள் சிலர். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை.

(0,0) என்றால் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைக் கர்னலால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கர்னலை ஏற்றும் கிரப் கொடுப்பது ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி (தனி அடையாள எண்). அதை வைத்து பார்ட்டிஷனைத் தேடித் தருவது இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சின்ன ஃபைல்சிஸ்டம்; /பூட்டில் இனிட்ஆர்டி என்ற ஃபைலாக இருக்கும்). கர்னல் தனியாக அதைச் செய்யாது. /பூட்டில் 'எல்எஸ்' அடித்தால் கர்னல் ஃபைலான விஎம்லினுஸ் இருக்கிறது, ஜோடி இனிட்ஆர்டியைக் காணோம். 'டிஎஃப் -எச்' காட்டியது 100%, அதாவது /பூட் நிரம்பிவிட்டது. டெபியனின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்ததால் மாட்யூல் (கர்னலுடன் சேரும் டிரைவர் போன்ற துண்டு) ஒவ்வொன்றும் டிபக் தகவலை (பிழை தேட உதவுவது) சுமந்து ஊதியிருந்தது. அவற்றைச் சேர்த்துக் கட்டும் இனிட்ஆர்டி 512 எம்பி /பூட்டில் எப்படி அடங்கும்?

தீர்வு: பழைய கர்னலில் ஏறி, வேண்டாத கர்னல்களை ஆப்ட் (டெபியனின் பேக்கேஜ் கருவி) மூலம் நீக்குங்கள் (ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள்). டிபக் தகவலை நீக்கி மாட்யூல்களை மறுபடி இன்ஸ்டால் செய்ய, சோர்ஸ் ஃபோல்டரில் 'சூடோ மேக் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்'. இதில் முதலில் வரும் 'சூடோ மேக்'கும் கடைசிச் சொல்லும் சிறிய எழுத்து, நடுவில் உள்ளது முழுக்கப் பெரிய எழுத்து. பிறகு இனிட்ஆர்டியை உருவாக்க 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே', கூடவே 'மேக் கர்னல்ரிலீஸ்' காட்டும் பதிப்புப் பெயர். ஒரு ஹைஃபன் பிசகினாலும் மாட்யூல் கிடைக்காது. கடைசியில் 'சூடோ அப்டேட்-கிரப்'.

கடலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் கம்பைல் செய்பவர்களுக்கு: பாதியில் கரண்ட் போனால் 0 பைட் '.ஓ' ஃபைல்கள் (கம்பைல் ஆகும் துண்டுகள்) தங்கிவிடலாம். அவற்றை அழித்துவிட்டு மேக்கைத் தொடருங்கள்.